கடைத்தெருவில் ஒரு கொடுங்கோலன்

"இனி இந்த வீட்டுக்குக் கடைக்குப் போறது என் பொறுப்பு!"

சொன்னது நான்தான். சொல்லி முடித்ததும் எனக்கே மெய்சிலிர்த்தது. இதற்கு முன் இந்த வீட்டில் என் குரல் இவ்வளவு ஓங்கிக் கேட்டது தும்மும்போது மட்டும்தான்.

பின்னே என்ன? எண்ணெய் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பருப்பு விலையைக் கேட்டால் சுற்றிய தலை நின்றே போகிறது. நானோ தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. டன் கணக்கில் இரும்புக்குப் பேரம் பேசுகிறவனுக்குத் தக்காளி எம்மாத்திரம்?

மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"வேணாங்க. நீங்க கடைத்தெருப் பக்கமே போகக் கூடாது."

"ஏன், உன் குட்டு வெளிப்பட்டுடுமா?"

"சொன்னாக் கேளுங்க. காரியமே கெட்டுடும்."

கெஞ்சினாள்! அவள் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பந்தயம்! உன்னைவிடக் கம்மியா வாங்கிட்டு வந்தா வீட்டுச் செலவுப் பணம் இனி என் கையில."

"இல்லேன்னா?"

"என் சாயங்கால டீக்காசையும் நீயே வெச்சுக்கோ."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்று பையைக் கொடுத்தாள்.

காய்கறிக்காரம்மா சொன்ன விலை, என் மனைவி வாங்குவதைவிட அதிகமாக இருந்தது.

"என்னம்மா, எங்க வீட்டுக்காரிக்கு மட்டும் குறைச்சுக் கொடுக்கறீங்க? மூலை வீட்டு மாடியில இருக்காளே..."

அவ்வளவுதான். தராசைக் கீழே வைத்தாள்.

"ஓகோ! அந்த மகராசன் நீதானா? ஒரு ரூபா கூடிட்டா தெரு அதிரக் கத்துவியாமே? அந்தப் பொண்ணு எங்கிட்ட கண்ணைக் கசக்காத நாள் கிடையாது. மனசு கேக்காம அதுக்கு அடக்க விலைக்கே போட்டுத் தரேன். உனக்கு எதுக்குய்யா குறைக்கணும்?"

கத்துவேனா? நானா? குக்கர் விசில் அடித்தாலே பதறி எழுந்து நிற்கிறவன் ஐயா நான்!

மளிகைக்கடையிலும் மூலை வீட்டு மாடி என்று சொன்னதும், முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பார்த்தா சாதுவாத்தான் தெரியுறீங்க. பருப்பைக் கூட எண்ணிப் பார்ப்பீங்களாமே சார்? பாவம் சார் அந்தம்மா."

எனக்குக் கோபம் வரவில்லை. மலைத்துப்போய் நின்றேன். நான் ஆபீசில் நாலு கம்பெனியை மோதவிட்டும் ஆணிக்குக்கூட விலை குறைத்ததில்லை. இவள் என்னை வைத்துக்கொண்டு, என்னை வைத்துக்கொண்டு ஐயா, ஒரு கொடுங்கோலனையே தயார் பண்ணி, கடைத்தெரு முழுக்க விலையை இறக்கியிருக்கிறாள்! என்ன மூளை! இப்படி ஒருத்தி எங்கள் கொள்முதல் பிரிவில் இருந்தால் இரும்பையே இனாமாக வாங்கியிருப்போம்.

சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வீடு வந்தேன். மனைவி மீதிச் சில்லறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தோத்துட்டீங்க. அது கிடக்கட்டும். அங்க யாரைப் பார்த்தாவது சிரிச்சீங்களா?"

"லேசா..."

"தேங்க்ஸ் சொன்னீங்களா?"

"பழக்கதோஷம்..."

தலையில் அடித்துக்கொண்டாள். "கஷ்டப்பட்டு உங்களுக்கு ஒரு பேர் வாங்கி வெச்சிருந்தேன். ஒரே நடையில கெடுத்துட்டீங்களே! நாளைக்கு எங்கூட வாங்க. சரிபண்ணணும்."

மறுநாள் காய்கறிக்கடை முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றேன். "எதுக்குடி இவ்வளவு தக்காளி?" என்று, வீட்டில் ஒத்திகை பார்த்தபடியே அலறினேன். அந்த 'டி'க்கு அவளிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். காய்கறிக்காரம்மா பதறிப்போய் விலையைக் குறைத்து, ஒரு கட்டுக் கீரையையும் சும்மா போட்டாள். மனைவி கண்ணைத் துடைக்கிற சாக்கில் என் பக்கம் சாய்ந்தாள்.

"தேவலை. மளிகைக்கடையில இன்னும் கொஞ்சம் சத்தமா."

அங்கேயும் கத்தினேன். முதலாளி பயந்து பருப்பை இரண்டு கை அதிகமாகவே அள்ளிப் போட்டார். தொண்டை வறண்டுவிட்டது. திரும்பும் வழியில் டீக்கடை வந்தது.

"ஒரே ஒரு டீ குடிச்சுக்கட்டுமாம்மா?" என்றேன்.

"உஷ்! தெருவில நின்னு கெஞ்சாதீங்க. வீட்டுக்கு வந்து கெஞ்சுங்க."