நெட் அண்ணையின் மாலு பணிஸ் லீக்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில் நெட் அண்ணையின் கண்ணுக்குத் தப்பிய தொந்தி ஒன்றுகூட இல்லை. சத்தியம் பண்ணிச் சொல்வேன். என்னுடையதே தப்பவில்லை. அதுவும் அதை மறைக்க நான் சேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டு திரிந்த காலம் அது.

காலி வீதி என்னும் பெருந்தெருவில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் அவர். மனைவி மக்கள் கிடையாது. சொந்தமாக இருந்தது ஒரு கரப்பந்து வலை மட்டும். அதை உரப்பையில் சுருட்டி, குளிசை அலுமாரிக்குக் கீழே வைத்திருப்பார். அதனால்தான் நெட் அண்ணை. உண்மைப் பெயர் என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை வாங்கப் போனேன். டொக்டர் எழுதிய துண்டை நீட்டினால், மனிதர் என் வயிற்றைப் பார்க்கிறார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"இன்சூரன்ஸ் கந்தோர், அண்ணை."

"இருந்து செய்யிற வேலை. பின்னேரம் பீச்சுக்கு வாரும். கரப்பந்து தொடங்கினதே உம்மை மாதிரி ஆக்களுக்காகத்தான்."

பகிடி என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, அவர் வரலாற்றைத் தொடங்கிவிட்டார். அமெரிக்காவில் ஓர் உடற்பயிற்சி மாஸ்டராம். அவரிடம் வந்தவர்கள் எல்லாம் நடுவயது வியாபாரிகளாம். கூடைப்பந்து விளையாடினால் மூச்சு வாங்குகிறது, இடிபட்டு விழுகிறார்கள். மனிதர் யோசித்தார். டென்னிஸ் வலையை ஓர் ஆளின் தலைக்குச் சற்று மேலே உயர்த்திக் கட்டினார். ஒருவரை ஒருவர் இடிக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தில் எத்தனை பேரும் நிற்கலாம். இப்படியாக உலகத்துத் தொந்திகளுக்கெல்லாம் விமோசனம் பிறந்தது.

"அந்த மனுசன் இல்லாட்டி உமக்கு இந்தக் குளிசைதான் கதி," என்று முடித்தார். தலைவலிக் குளிசைக்கு வந்து நின்ற அம்மா ஒருவர், கேட்க வந்ததைவிட இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு போனார்.

ரயில் பாதையைக் கடந்தால் கொஞ்சம் மணல், அதற்கப்பால் கடல். அந்தக் கொஞ்ச மணல்தான் எங்கள் மைதானம். அடுத்தவர் உடம்பில் அக்கறை உள்ளவர் என்பதால், முடக்கில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பாரூக் ஹாஜியாரையும் நெட் அண்ணை விடவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாஜியார் இறங்கினால் எதிர்ப்பக்கத்துக்கு வெயில் மறையும்.

என் சேர்வ் வலையைத் தாண்டவே மாட்டேன் என்றது. பாதி வழியில் சோர்ந்துபோய் விழப் பார்க்கும். ஆனால் விழாது. வலையடியில் நிற்கும் நெட் அண்ணை அதை ஒரு தட்டுத் தட்டி அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்.

"இது பிழைதானே அண்ணை?"

"ஆர் சொன்னது? ஆதிச் சட்டம். சேர்வ் போட்டவனுக்குப் பலம் காணாட்டி, கூட நிக்கிறவன் தட்டிவிடலாம். கண்டுபிடிச்ச மனுசனே எழுதி வச்சிருக்கிறார்."

நான் சந்தேகக்காரன். இணையத்தில் தேடிப் பார்த்தேன். மெய்தான். இந்தக் காலத்தில் அது செல்லாது, அந்தக் காலத்தில் செல்லுமாம். பிறகென்ன, "இண்டைக்கு என்ர சேர்வ் எல்லாம் போனது" என்று வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். யார் தட்டியது என்று மனைவி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படி நிம்மதியாக இருந்த காலத்தில்தான் நெட் அண்ணை ஒரு ஸ்மார்ட்போன் வாங்கித் தொலைத்தார். மருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் இத்தாலி லீக் பார்க்க வேண்டியதாயிற்று. ஜப்பானில் ஃபக்டரி ஆட்கள் கம்பனிக்கொரு டீம் வைத்து விளையாடினதே பெரிய லீக்காக வளர்ந்ததாம். இத்தாலியிலும் போலந்திலும் பந்தடிக்கிறதுதான் உத்தியோகமாம், வெளிநாட்டிலிருந்தும் ஆட்களை எடுக்கிறார்களாம். ஆனால் விளையாட்டைக் கண்டுபிடித்த அமெரிக்காவில் லீக்குகள் தொடங்குவதும் படுப்பதுமாக நெடுங்காலம் இழுபட்டதாம்.

"பிறந்த வீட்டில பட்டினி, போன வீட்டில சம்பளம். பாரும் தம்பி அநியாயத்தை," என்று கண் கலங்கினார். அதே மூச்சில், "நாங்களும் ப்ரொபெஷனல் ஆவம்," என்றார்.

ஆனோம். ரயில் பக்கம் ஒரு டீம், கடல் பக்கம் ஒரு டீம். சம்பளம், ஆட்டம் முடிந்ததும் ஹாஜியார் கடையிலிருந்து வரும் மீன் அடைத்த மாலு பணிஸ் ஒன்று. லீக் என்றால் வெளிநாட்டு வீரர் வேண்டுமே. கொட்டாஞ்சேனையில் மருந்து மொத்தக் கடையில் வேலை செய்த அன்டனைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கொட்டாஞ்சேனை எப்பிடி அண்ணை வெளிநாடு?"

"ரெண்டு பஸ் மாறி வாறான். வேற என்ன வேணும்?"

வெளிநாட்டு வீரருக்கு இரண்டு பணிஸ். அன்டன் ரயில் பக்கத்துக்கு ஒழுங்காக விளையாடிக்கொண்டிருந்தான். கடல் பக்கத்து ஹாஜியார் ஒருநாள் கட்லட் ஒன்றைக் காட்டினார். மறுநாள் அன்டன் கடல் பக்கம். "லீக் எண்டா உதெல்லாம் நடக்கும்," என்று நெட் அண்ணை பூரித்துப் போனார்.

ஆனால் ப்ரொபெஷனல் ஆனதும் ஆதிச் சட்டத்தைத் தூக்கிவிட்டார். "சம்பளம் எடுக்கிறவனுக்குத் தட்டிவிட ஏலாது," என்றார். என் சேர்வ் தொப்பென்று மணலில் விழும். வலையடியில் நிற்கிற மனிதர் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பார். எனக்கு அழுகை வராத குறை. தொந்திகள் ஒவ்வொன்றாக வீட்டோடு நின்றன. "இவருக்கு என்னத்துக்கு வாப்பா இந்தப் போன்," என்று ஹாஜியார் முணுமுணுத்தார்.

ஒரு பின்னேரம் இத்தாலிக்காரன் மாதிரி அடிக்கிறேன் என்று நெட் அண்ணை எம்பிக் குதித்தார். இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். பந்து அலையோடு போயிற்று. அதைப் பிடிக்க ஒருவரும் ஓடவில்லை. ஹாஜியாரும் அன்டனும் நானும் அவரைத் தூக்கித் திரீவீலில் ஏற்றினோம்.

மறுநாள் ஆஸ்பத்திரி வார்ட்டு வாசலில் எங்களை மறித்த நர்ஸ், "நம மொகக்த?" என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நெட்," என்றான் அன்டன். அப்படி ஒரு நோயாளி இல்லை என்றார் நர்ஸ். ஹாஜியார் பெருவிரல் நுனியில் எழும்பி, இல்லாத பந்தை இல்லாத வலைக்கு மேலால் அடித்துக் காட்டினார்.

"ஆ, வொலிபோல் மஹத்தயா," என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே மூலைக் கட்டிலைக் காட்டினார். கையில் சேலைன் ஏற, நெட் அண்ணை பக்கத்துக் கட்டில்காரருக்கு அமெரிக்க வியாபாரிகளின் தொந்தியைப் பற்றிச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனிதருக்குக் காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது. எழும்பி ஓட வழியில்லை.

வீடு வந்து சில வாரம் கழித்து, உரப்பையோடு மெல்ல நடந்து கடற்கரைக்கு வந்தார். பாதி ஆளாகிப் போயிருந்தார். பையை என்னிடம் நீட்டினார்.

"இதை நீர் வச்சிரும் தம்பி. எனக்கினி என்னத்துக்கு."

வலை இல்லாத நெட் அண்ணையை என்னவென்று கூப்பிடுவது? பையை வாங்கி, வலையை நானே கட்டினேன். கோணலாகத்தான் வந்தது. அவர் கல்லில் இருந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் போய்ப் புதுப் பந்தொன்றை அவர் மடியில் வைத்தார்.

"டொக்டர் குதிக்க வேணாமெண்டவர்," என்றார் நெட் அண்ணை.

"நிண்டுகொண்டு கை ஆட்ட விட்டவர்தானே?" என்றேன்.

"அது விட்டவர். ஆனா வலைக்குப் போகாது தம்பி. கையில சத்தில்லை."

"சும்மா போடுங்கோ அண்ணை."

எழும்பி வந்து, கீழ்க்கையால் ஒரு சேர்வ் போட்டார். என் சேர்வைப் போலவே அதுவும் பாதி வழியில் சோர்ந்தது. வலையடியில் நான் நின்றேன். வாழ்நாளில் குதிக்காத நான் குதித்து ஒரு தட்டுத் தட்டினேன். பந்து அந்தப் பக்கம் போய் அன்டனின் காலடியில் விழுந்தது. அவன் குனியவே இல்லை.

"பிழை," என்றார் நெட் அண்ணை. "ப்ரொபெஷனல் லீக்கில இது செல்லாது."

ஹாஜியார் இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இன்டக்கி நான் பணிஸ் கொண்டு வரல்லயே. சம்பளம் இல்லாட்டி என்ன ப்ரொபெஷனல்? பழய சட்டந்தான்."

நெட் அண்ணை கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னொண்டு போடட்டே?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் லீக்கில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வெளிநாட்டு வீரர் மட்டும் இன்னும் இரண்டு பஸ் மாறி வருகிறார். நெட் அண்ணையின் சேர்வ் இன்றுவரை ஒன்றுகூட வலையில் விழுந்ததில்லை.