கிஸிமிஸும் கிஸினிஸும்

வில்லாபுரம், மதுரை.

மரியாதைக்குரிய மச்சான் காஜா மைதீன் அவர்களுக்கு சேக் இஸ்மாயில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை அஜ்மல் பீவியும் அல்லாஹ் கிருபையால் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல்.

உங்கள் மகன் ஆசிப்புக்கென்று பேசி வைத்த என் மகள் ஷிபாவை ஒரு துருக்கிக்காரருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டீர்களாம். வாக்குக் கொடுத்தது நிஜம்தான் மச்சான். ஆனால் நான் சொல்ல நினைத்தது அது இல்லை.

துருக்கியில் வேலை பார்க்கும் மகன் ஷாநவாஸ் அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்திருப்பதாகச் சொன்னான். அவர்கள் பாஷையிலேயே பெண் கேட்டால் மரியாதை என்று யூடியூப் பார்த்து மூன்று மாதம் படித்தேன். நம்ம தமிழ் மாதிரியேதான், எல்லாம் வார்த்தைக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘எவ்’ என்றால் வீடு, ‘எவிமிஸ்’ எங்கள் வீடு, ‘எவிமிஸே’ எங்கள் வீட்டுக்கு. எங்கள் மகள் ‘கிஸிமிஸ்’, உங்கள் மகள் ‘கிஸினிஸ்’. ‘மி’ வந்தால் நம்மது, ‘னி’ வந்தால் அவங்களது, இம்புட்டுத்தானே என்று இருந்துவிட்டேன். போன ஞாயிறு வீடியோ காலைத் திறந்தால் சோபாவில் பன்னிரண்டு பேர் வரிசையாக என்னையே பார்க்கிறார்கள், எனக்கு வேர்த்துவிட்டது. “கிஸினிஸ் எவிமிஸே கெலின் ஒல்சுன்”, அதாவது உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு மருமகளாகட்டும் என்பதற்குப் பதில், “கிஸிமிஸ் எவினிஸே கெலின் ஒல்சுன்” என்று கணீரென்று சொல்லிவிட்டேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டி, பெண்ணின் அண்ணன் முராத்தை எழுப்பி நிறுத்தினார்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

“அத்தா, எனக்குப் பொண்ணு கேக்கச் சொன்னா ஷிபாவைக் குடுத்துட்டீங்களே!” என்றான் ஷாநவாஸ். “எங்க அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்று உங்கள் தங்கை அழுதாள். கே.கே. நகர் கிளினிக்கில் வேலை முடிந்து வந்த ஷிபா மட்டும் விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராக உள்ளே போய்விட்டாள். பிள்ளை மனசு என்ன பாடுபட்டதோ!

ஷாநவாஸ் மூலம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. வாய் தவறியதை மனதில் வைக்க வேண்டாம். ஷிபா ஆசிப்புக்குத்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிக்க அவசியம் வாருங்கள்.

தங்கள் குடும்பத்துக்கு அல்லாஹ் எல்லா பரக்கத்தையும் தரட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
சேக் இஸ்மாயில்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது முராத்திடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஷாநவாஸிடம் தமிழ் படிக்கிறாராம். ‘பரவாயில்லை மாமா. என்னை ஷிபாவுக்குப் பிடிக்கும்’ என்று எழுதியிருக்கிறார். ‘எனக்கு ஷிபாவை’ என்று எழுத வந்தவர், பாவம், என்னைப் போலவே மாற்றி ஒட்டிவிட்டார் என்று ஷிபாவிடம் காட்டிச் சிரித்தேன். அவள் போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

“சரியாத்தான் எழுதியிருக்காங்க, அத்தா,” என்றாள்.