தங்கத்தின் இடது கதவு

"ஏய் வாலு! இந்த ஃபோன் மறுபடியும் இடமில்ல, இடமில்லன்னு அழுவுது. என்னன்னு பாரு."

அம்மா ஃபோனைக் காட்டினாளே தவிர, கையில் கொடுக்கவில்லை.

"தேவையில்லாததை எல்லாம் அழிச்சிடலாம்மா," என்றாள் வாலு. குரலில் ஆசை கொஞ்சம் அதிகமாகவே வழிந்துவிட்டது. "குடு, நானே பாத்துப் பண்றேன்."

"அழிக்கிறதா? நீ பொறந்தன்னைக்கு எடுத்த படம்கூட இதுலதான்டி இருக்கு. கை வச்சே, தொலைச்சிடுவேன். எல்லாத்தையும் பேக்கப் எடுக்கணும். எந்த ஆப் நல்லது, எதுல போட்டு வைக்கலாம், எல்லாம் நீயே தேடிச் சொல்லு. ஞாயித்துக்கிழமை டி.வி.ல போட்டு உக்காந்து பாக்கலாம். மாடி அத்தையையும் வரச் சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று வாலு விரல் விட்டு எண்ணினாள்.

விஷயம் இதுதான். அம்மா தன் காரைத் 'தங்கம்' என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற மகளைத்தான் 'ஏய்'. போன வாரம் அம்மா குளிக்கப் போன நேரத்தில், தங்கத்தைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தி நல்ல பெயர் வாங்கலாம் என்று வாலுவுக்குத் தோன்றியது. தங்கம் நகர்ந்தது. கேட்டுத் தூண் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் இடது கதவில், பூனை பிறாண்டியது போலக் கோடு கோடாகக் கீறல்.

தோழிக்கு அனுப்பி யோசனை கேட்கலாம் என்று, அம்மா பாட்டுப் போட்டுத் திறந்தபடியே விட்டுப் போயிருந்த ஃபோனிலேயே ஒரு படம் எடுத்தாள். அனுப்புவதற்குள் குளியலறைக் கதவு திறந்துவிட்டது. அதன்பிறகு ஃபோன் அம்மாவின் கையை விட்டு இறங்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால்தான் அது திறக்கவும் செய்யும்.

கார் சுவரோடு ஒட்டி நிற்பதால் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் படம்? அதில் கீறல் மட்டும் இருந்தால்கூடச் சமாளிக்கலாம். பளபளவென்று துடைத்த கதவில், படம் எடுத்தவளின் பேயறைந்த முகமும் சேர்ந்து விழுந்திருந்தது. இந்த லீவில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையோடு அந்தக் கனவுக்குச் சங்குதான்.

அன்று சாயங்காலமே வாலு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உலகத்தில் எல்லோரும் நல்ல ஆப்பைத் தேடுவார்கள். அவள் கடைசியிலிருந்து தேடினாள். 'என் கல்யாணப் படம் பூரா போச்சு, பாவிகளா!' என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துப் புலம்பியிருந்தார். வாலுவின் முகம் மலர்ந்தது. தன் குழந்தைப் படங்களும் சேர்ந்து போகுமே என்று கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆள் உயிரோடு இருந்தால் படம் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"இதான்மா இருக்கிறதுலயே பெஸ்ட்."

"என்னடி, நட்சத்திரமே இல்ல?"

"ரொம்ப அடக்கமான கம்பெனிம்மா."

அப்பா எட்டிப் பார்த்தார். "இலவசமா? அப்ப நல்ல ஆப்தான்."

மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு படம் விடாமல், தேதி வாரியாக, துணி மடித்த மாதிரி அடுக்கி வைத்திருந்தது. திட்டு வாங்கிய கம்பெனி ரோஷப்பட்டுத் திருந்திவிட்டது போலிருக்கிறது.

"சூப்பர்டி!" என்றாள் அம்மா. "ஆனா ஒரே எடத்துல வைக்கக் கூடாது. ஒரு பென்டிரைவ் வாங்கிட்டு வா. டி.வி.ல சொருகிப் பாக்கவும் ஆச்சு."

வாலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓட்டமாகக் கடைக்குப் போனாள்.

"இதை எடுத்துக்கோம்மா," என்றார் கடைக்காரர். "வருஷக்கணக்கா உழைக்கும்."

"அவ்ளோ எல்லாம் வேணாம்ணே. இதைவிட மட்டமா இருக்கா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மட்டமாவா? அந்தக் கூடையில கெடக்கு. ஆனா இப்பவே சொல்லிடறேன், உள்ள போட்டது வெளிய வராது."

"நிச்சயமா வராதுல்ல?"

"என்னம்மா, அதுக்கு கேரண்டியா கேக்குற?"

"குடுத்தா நல்லாயிருக்கும்ணே."

பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ என்று அந்த மனுஷன் உருகிவிட்டார். வாலு அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கூடைச் சரக்கை எடுத்துவிட்டு, அதே விலைக்குக் கடையிலேயே உசத்தியானதைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தவள் அழாத குறை. தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

சனிக்கிழமை கடவுளாகப் பார்த்து ஒரு வழி காட்டினார். அம்மா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, கையெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், என்னமோ மெசேஜ் வந்திருக்கு. படிச்சுச் சொல்லு."

வாலு ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்தக் கோலத்திலும் அது அம்மாவை அடையாளம் கண்டு திறந்துகொண்டது. மெசேஜை அரைகுறையாகப் படித்துவிட்டு, விறுவிறுவென்று தேடி, அந்தப் படத்தைப் பிடித்து அழித்தாள்.

டிங்!

'உங்கள் அருமையான நினைவு ஒன்று தவறுதலாக அழிந்துவிட்டது. கவலை வேண்டாம், மீட்டுவிட்டோம்.'

"என்னடி சத்தம்?"

"ஆப்பும்மா... சௌக்கியமான்னு கேக்குது."

மறுபடி அழித்தாள். டிங்! பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழித்தாள். இந்தத் தடவை டிங் கொஞ்சம் பாசமாகவே கேட்டது.

'இந்தப் படத்தை நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த படம் என்று குறித்துக்கொண்டோம். எல்லாப் பிரதிகளிலும் முதலில் வைக்கிறோம்.'

ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. சோபாவில் அம்மா, அப்பா, நடுவில் ஹவுஸ் ஓனரான மாடி அத்தை. தரையில் வாலு. கதவுக்குப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள், ஓடுவதற்கு வசதியாக.

"எல்லாம் எங்க வாலுவோட ஏற்பாடுங்க," என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். "ஆப்பு, பென்டிரைவு, எல்லாம் அவளே பாத்துப் பாத்து வாங்கினா."

வீணை இசையோடு டி.வி. விழித்தது. 'இந்தக் குடும்பத்தின் பொன்னான தருணங்கள்' என்று எழுத்துகள் பூத்தன. முதல் படமே, திரை நிறைய, தங்கத்தின் இடது கதவு. கோடு கோடாகக் கீறல். ஓரத்தில் பேயறைந்த முகம்.

வாலு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கத்தல் வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அது... அது நெழல்," என்றாள் அம்மா அவசரமாக. "மரத்து நெழல் விழுந்திருக்கு. அடுத்த படம் போடுடி."

"நெழலேதான்!" அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "சாயங்கால வெயில்ல அப்படித்தான் கோடு கோடா விழும். ரிமோட் எங்க? ரிமோட்டைக் குடுங்களேன்!"

வாலுவால் தன் காதையே நம்ப முடியவில்லை. ஆனாலும் வந்த அதிர்ஷ்டத்தை விடுவாளா? "எவ்ளோ அழகான நெழல்ப்பா!" என்றாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ரிமோட்டைத் தேடி சோபாவின் மேல் பாய்ந்தார்கள். தலையோடு தலை முட்டிக்கொண்டது. மாடி அத்தை தன் அடியில் அமுங்கிக் கிடந்த ரிமோட்டை எடுத்து, படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்த்தாள்.

"மாடியில துணி காயப்போடுற எனக்குத் தெரியாதா? மொதல்ல நீ, மறுநாள் உன் வீட்டுக்காரர், அதுக்கு மறுநாள் இவ... என் கேட்டுத் தூணை முறை வச்சுக்கிட்டா இடிப்பீங்க?"