தலை வணங்கிய லோரி

பாடாங் செராய்,
ஜப்பான் வருஷம் 2603 (நம் கணக்கில் 1943), ஆடி மாதம்.

கரங்கானில் வாழும் மைத்துனர் உயர்திரு அய்யாவு அவர்களின் சமூகத்துக்கு, கடைக்காரன் பரஞ்சோதி கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை மருதம்மாளும், மாசமாக இருக்கும் மகள் பிரேமாவதியும் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று சுகம். அங்கு உங்கள் சுகத்துக்கும் உங்கள் வீட்டுக் கிழங்கின் சுகத்துக்கும் எழுத வேண்டியது. இந்தக் கடிதம் தபாலில் வராது, கருவாட்டு வியாபாரி பஷீர் கையில் வருகிறது. ஆகையால் மனம் விட்டே எழுதுகிறேன்.

நிற்க. ஆவணியில் உங்கள் மகள் நவமணி கல்யாணத்துக்கு என் சின்ன லோரியைக் கேட்டிருந்தீர்கள். தருகிறேன். தருவதற்கு முன்னால், நீங்கள் தேடிப் பிடித்துக் கட்டி வைத்த என் மருமகன் நடராஜா அதை என்ன பாடு படுத்தினார் என்பதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். தங்கமான பையன் என்று சொன்ன வாய் உங்களுடையதுதானே.

போன மாதம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கடைக்கு வந்து, “அண்ணே, ஜப்பான்காரன் சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் எடுக்கிற லிஸ்டுல உங்க மருமவன் பேரும் இருக்கு. தோட்டத்துக் கெழங்கு ஏத்த உங்க லோரி ஓடுச்சுன்னா டிரைவரை விட்டுருவாங்க. ஓடலன்னா போக வேண்டியதுதான் லா” என்று சொல்லிவிட்டுப் போனார். சயாம் போன பக்கத்து வீட்டுச் செல்லாயியின் புருஷனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பிரேமாவதி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. லோரியோ டயர் கிழிந்து, லாலாங் புல்லைத் திணித்து ஓட்டி, அந்தப் புல்லும் புகைந்து, கடை வாசலில் நின்றுபோயிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம், ஒரு டயருக்கு வழியில்லை.

வெள்ளைக்காரன் ஓடும்போது சுங்கை லாலாங் பக்கம் இரண்டு வண்டிகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனானாம். நானும் மாப்பிள்ளையும் போய்ப் பார்த்தோம். ஒன்று சின்னக் கார், நாலு சக்கரமும் நம் லோரிக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. மற்றது பட்டாளத்து லோரி, ஊர்க்காரர்கள் செருப்புக்கு அறுத்தது போக மிச்சம் இரண்டே சக்கரம், என் இடுப்புக்கு மேல் உயரம். மாப்பிள்ளை காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “மாமா, போடுறதுதான் போடுறோம், பெருசாப் போடுவோம் லா. பெருசு போட்டாத்தான் வண்டிக்கு ஒரு களை.” மாப்பிள்ளை, உயிர் போகிற நேரத்தில் களை எதற்கு என்றேன். “சேத்துல புதையாது மாமா” என்றார். உங்கள் தங்கையும் வீட்டில் இருந்தபடியே பெரிசுதான் கௌரவம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். மறுநாள் மனசு கேட்காமல் நான் போனால், கார்ச் சக்கரத்தை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் மாமனார் கொடுத்து வைத்தவர்.

பட்டறையில் போல்ட் ஓட்டையைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்து, இரண்டு பெரிய சக்கரத்தையும் மாப்பிள்ளை முன்னால் மாட்டினார். பின்னால் பழைய சக்கரம், உள்ளே காய்ந்த ரப்பர் ஒட்டுப்பால் அடைத்தது. லோரி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. மட்கார்டு இடித்தது, மட்கார்டைக் கழற்றினார். அப்புறமும் இடது பக்கம் மட்டும்தான் திரும்பியது. வலது பக்கம் போக வேண்டுமானால் மாரியம்மன் கோவிலை இடது பக்கமாகச் சுற்றி வர வேண்டும், பூசாரி வெளியே வந்து, “அப்பிரதட்சணமாவா சுத்துறீங்க, வெளங்குமா?” என்று கத்தினார். மாப்பிள்ளை கையை ஆட்டிச் சிரித்தார்.

விளங்கவில்லை. பாலத்துக் காவல் சாவடியில் எல்லோரும் இறங்கி ஜப்பான் சிப்பாய்க்குக் குனிய வேண்டும் அல்லவா, நாங்கள் குனிந்தோம். லோரி குனியவில்லை. சிப்பாய் அந்தத் தூக்கிய மூக்கையே பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான். மாப்பிள்ளைக்கு ஓர் அறை. வண்டிக்குச் சொந்தக்காரன் என்பதால் எனக்கு இரண்டு. அதற்கப்புறம் மத்தியானம் வரை வெயிலில் நிறுத்திவைத்தான். வீட்டுக்கு வந்து, “மாப்பிள்ளை, உங்க களையைக் கழட்டிப் பின்னால மாட்டுங்க” என்றேன்.

மாட்டினார். இப்போது பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் தாழ்ந்து, லோரி எந்நேரமும் குனிந்தே நிற்கிறது. மறுநாள் சாவடியில் சிப்பாய் பார்த்தான், தொப்பியைச் சரிசெய்துகொண்டு லோரிக்குப் பதில் வணக்கம் வைத்தான். எங்களுக்கு வைக்கவில்லை. சோதனைக்கு வந்த ஆபீசர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கெடாவிலேயே மரியாதை தெரிந்த வண்டி இதுதான் என்று சொல்லி, டிரைவர் சயாம் போக வேண்டாமென்று உத்தரவு எழுதித் தந்துவிட்டான். பிரேமாவதி அன்றைக்கு இரண்டு தட்டுக் கிழங்கு தின்றாள்.

ஆக, கல்யாணத்துக்கு லோரி வரும். வயதானவர்களைப் பின்னால் ஏற்ற வேண்டாம், பிரேக் போட்டால் டிரைவர் கழுத்துக்கு வந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட மருமகனை இனி யாருக்கும் பார்த்து வைக்காதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நவமணிக்கு எங்கள் ஆசிகள், அவள் கழுத்தில் தாலியும் உலையில் அரிசியும் சீக்கிரம் ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய
பரஞ்சோதி

பி.கு.: கடிதத்தை மடித்து பஷீரிடம் கொடுக்கும் நேரத்தில் அதே ஆபீசர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து நின்றான். அவனைச் சயாமுக்கு மாற்றியிருக்கிறார்களாம். மரியாதை தெரிந்த வண்டியை மறக்க முடியவில்லையாம், டிரைவரோடு வேண்டுமாம். பிரேமாவதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தேன். மேலே எழுதியிருப்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். கார்ச் சக்கரத்தை விட்டது, முன்னால் மாட்டியது, கோவிலை இடமாகச் சுற்றியது, சிப்பாயிடம் மூக்கைத் தூக்க வைத்தது எல்லாம். ஒன்றுகூடப் பொய் இல்லை. மாப்பிள்ளையும், “ஆமா, நாந்தான் பெருசாப் போடச் சொன்னேன்” என்று பெருமையாகத் தலையாட்டினார். ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்து, இவன் ஓட்டினால் நான் சயாம் போய்ச் சேர மாட்டேன், இவன் கை பட்டால் ரயில் ரோடும் உருப்படாது என்று சொல்லி, சயாம் லிஸ்டிலிருந்தே அவர் பேரை அடித்துவிட்டு, தன் சிப்பாயை ஏற்றி லோரியை மட்டும் கொண்டுபோனான். அது குனிந்தபடியே போயிற்று.

ஆகையால் லோரி வராது, நாங்கள் வருவோம். கைவண்டியில் பிரேமாவதியை உட்கார வைத்து மாப்பிள்ளை தள்ளி வருவார். அந்தக் கைவண்டிக்குக் கொஞ்சம் பெரிய சக்கரம் போடலாமா என்று இப்போதுதான் கேட்டார். போடுங்க மாப்பிள்ளை, உங்க இஷ்டத்துக்குப் பெருசாவே போடுங்க என்று சொல்லிவிட்டேன்.