யாரும் கூப்பிட முடியாத பேர்

எல்லோரையும் திருப்திப்படுத்திவிடலாம் என்று நம்புகிறவன் முட்டாள். ஒரே சொல்லில் திருப்திப்படுத்திவிடலாம் என்று நம்பியவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். (இருந்தது ஒரே மெஷின். அதுவும் என்னைப் போலவே, வேலை வந்தால் சூடாகி நின்றுவிடும்.) மனைவி சரசுவுக்கு ஏழாம் மாதம். ஒருநாள் என் அப்பா தங்கவேலு கடைக்கு வந்தார், சோடா குடித்தார், ஏப்பம் விட்டார், சொன்னார்.

"பேரனுக்கு எம்பேரு. வேற எதுனா வச்சின்னு வையி, தொட்டில் பக்கமே வரமாட்டேன்."

"சரிப்பா."

அடுத்த வாரம் சரசுவைப் பிரசவத்துக்கு விட கரியாலூர் போனேன். அருவிக்குப் போகிற வழியில் மாமனாருக்கு டீக்கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. மாமியார் பெயர் தங்கப்பொண்ணு. என்னிடம் நேராகப் பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று கதவிடம் சொல்வார். நான் கதவிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

"எம்பொண்ணுக்குப் பொட்டப்புள்ளதான் பொறக்கும். அதுக்கு எம்பேரு வச்சா அனுப்பறோம். இல்லாங்காட்டி தாயும் புள்ளையும் மலையிலியே கெடக்கட்டும். மாப்ள கீழ நிம்மதியா ஜெராக்ஸ் எடுத்துக்கினு இருக்கட்டும்."

"சரிங்க" என்று நானும் கதவிடமே சொன்னேன்.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று தெரிந்தால் பாதி பயம் குறையும். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவிடம் ஜாடையாகக் கேட்டேன். அவர் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை ஜாடையாகக் காட்டினார். ஆக, பிள்ளை எதுவாகப் பிறந்தாலும் பொருந்த வேண்டும், இரண்டு பெரியவர்களும் அதற்குள் அடங்க வேண்டும். அப்படி ஒரு பேர் எங்கே கிடைக்கும்?

மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எனக்கு ஞானம் பிறந்தது. (நாலாவது வளைவில் வாந்தி வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று பிற்பாடு தெரிந்தது.) தங்கவேலுவில் வேலுவை எடு. தங்கப்பொண்ணில் பொண்ணை எடு. மிச்சம் தங்கம்! பையனென்றாலும் தங்கம், பெண்ணென்றாலும் தங்கம். போதாததற்கு என் அக்கா வீட்டுக்காரர் பெயர் தங்கராசு. அவரையும் கௌரவித்தது போல ஆயிற்று. உலகத்தில் இவ்வளவு சிக்கனமாக யாரும் மரியாதை செலுத்தியிருக்க மாட்டார்கள்.

முன்கூட்டியே சொன்னால் முழுப் பேர்தான் வேண்டும் என்று இரண்டு பக்கமும் கொடி பிடிக்கும். ஆகவே பெண் குழந்தை பிறந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. சரசு கேட்டாள். "சஸ்பென்ஸ்" என்றேன்.

முப்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, கரியாலூரில் பேர் வைக்கிற விசேஷம். அப்பா, அம்மா, அக்காவோடு வேனில் ஏறினேன். அக்கா வீட்டுக்காரரால் கடையை விட்டு வர முடியவில்லை. என் மடியில் செய்தித்தாள் சுற்றிய தெர்மாகோல் பலகை. கடையில் உட்கார்ந்து நானே வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டிய எழுத்துகள். வளைவுக்கு வளைவு குழந்தையைப் போல அதை மாரோடு அணைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பேர் வைத்தாக வேண்டும். சாமை அறுவடை நேரம் என்பதால் அக்கம்பக்கத்தார் எல்லாம் காட்டில் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நாங்கள் மட்டும்தான். பத்து மணிக்குப் பலகையைப் பிரித்தேன்.

எல்லோரும் மனசுக்குள் படித்தார்கள். அப்பா மீசையைத் தடவினார். கதவுக்குப் பின்னாலிருந்து "ம்ம்" என்று திருப்தியாக ஒரு சத்தம். ஜெயித்துவிட்டேன். சபாஷ்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வழக்கப்படி குழந்தையின் அத்தைதான் அதை மடியில் வைத்துக்கொண்டு காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். அக்கா பாயில் உட்கார்ந்தாள், குழந்தையை வாங்கினாள், குனிந்தாள். குனிந்தபடியே இருந்துவிட்டாள்.

"சொல்லுக்கா."

"டேய், வெளையாடறியா? எங்கூட்டுக்காரர் பேர்ல பாதிடா அது. நான் எப்படிரா வாயால சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகைக்கடையில் அக்கா எப்போதும் "மஞ்ச சாமான் கிராம் இன்னா வெல?" என்றுதான் கேட்பாள். ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

"சரி, அம்மா... நீ சொல்லு."

"நாப்பது வருசமா சொல்லாத பேருடா. உனக்காவ இன்னிக்குச் சொல்லணுமா? அதுவும் ஒரு தரமா? மூணு தரம்!"

சரசுவைப் பார்த்தேன். அவள் பார்வையிலேயே நான் பாதி வெந்துவிட்டேன். "மாமனார் பேர நான் சொல்லுவனா? நீங்க வச்ச பேரு, நீங்களே சொல்லுங்க."

சொல்லியிருப்பேன். எதிரே அப்பா, பின்னால் மாமியார். அப்பா பேரையும் மாமியார் பேரையும் ஒரே மூச்சில் சொல்கிற தைரியம் எனக்கு இருந்தால் இந்தப் பேரே பிறந்திருக்காதே!

"அப்பா, நீங்களாவது..."

"சம்மந்தியம்மா பேர நான் கூப்பிட்டா மரியாதையா இருக்குமாடா?"

"நாங்களும் சம்மந்தி பேர சொல்லமாட்டோம்" என்றது கதவு.

மிச்சம் இருந்தவர் மாமனார். முப்பது வருடமாக மனைவியை "ஏம்மே" என்று மட்டுமே கூப்பிட்டவர். "பொண்டாட்டி பேர நாலு பேர் எதிருல சொல்றதா?" என்று புதுமாப்பிள்ளை போலச் சிவந்து, டீ ஆற்றப் போய்விட்டார்.

மணி பத்து இருபது. "வேணும்னா வேற பேர்..." என்று இழுத்தேன்.

"மாத்தினா நான் இப்பவே கீழ எறங்கிடுவேன்" என்றார் அப்பா.

"மாத்தினா புள்ள கீழ எறங்காது" என்றது கதவு.

நாற்பது வருடமாக இந்த வீடுகளில் பாதிப் பேர் ஒரு சொல்லைத் தொண்டையிலேயே வைத்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லாகப் பார்த்து, ஜிகினா ஒட்டி, மலைமேல் தூக்கி வந்தவன் நான். பதற்றத்தில் என்ன செய்தேன் தெரியுமா? காதில் சொன்னால் என்ன, கண்ணில் காட்டினால் என்ன என்று, பலகையைத் தூக்கி முப்பது நாள் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தேன். படித்துக்கொள்ளட்டுமே! ஜிகினாவின் பளபளப்பு கண்ணில் அடிக்க, குழந்தை வீறிட்டு அலறியது.

"அதுக்கே புடிக்கல" என்றாள் சரசு.

அந்த நேரம் வாசலில் ஒரு டி.வி.எஸ். பிஃப்டி வந்து நின்றது. கடுக்காய் கொள்முதல் செய்ய மாதம் ஒருமுறை மலைக்கு வரும் பாய். கள்ளக்குறிச்சி கடைவீதியில் அவருக்கு மண்டி. "அண்ணே, ஒரு டீ, சக்கர கம்மி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"பாய், உங்க அப்பா பேரு இன்னா?"

"அப்துல் கரீம். ஏன் தம்பி?"

"மாமனாரு?"

"காதர் மொய்தீன்."

"மாமியாரு? சம்சாரம்?"

"ரேஷன் கார்டுக்கா?"

"இந்தப் பலகையில இருக்கற பேரு உங்க குடும்பத்துல யாருக்கும் இல்லியே பாய்?"

பாய் பலகையைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். சிரித்தார், சிரித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கைகால் கழுவிவிட்டு வந்து அக்கா இடத்தில் உட்கார்ந்தார். "எங்க புள்ளைங்களுக்கும் காதுலதான் மொதல்ல ஓதுவோம். குடும்மா" என்று குழந்தையை வாங்கி, மூன்று தடவை தெளிவாகச் சொன்னார். மூன்றாவது தடவை குழந்தை அழுகையை நிறுத்தியது. மணி பத்து இருபத்தேழு.

பேர் சொன்ன அத்தைக்குப் புடவை கொடுக்க வேண்டும். அக்காவுக்காக எடுத்த பச்சைப் பட்டுப்புடவையை அவளே தூக்கிப் பாயின் கையில் வைத்தாள். "மொறன்னா மொறதான். உங்கூட்டு அண்ணிக்குக் குடுங்க" என்றாள். இறங்கும்போது வேன் முழுக்க என்னோடு பேசவில்லை.

பாய் அதோடு விடவில்லை. காது குத்துக்கு அத்தை சீராகத் தட்டு நிறையப் பழமும் பாவாடை சட்டையும் கொண்டுவந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவர் பெயர் அத்தை பாய்.

குழந்தை கீழே இறங்கி வந்தது. அதன் பேர் இறங்கவில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் "என் தங்கமே" என்று கொஞ்சுவார்கள். கள்ளக்குறிச்சியிலேயே அப்படிக் கொஞ்ச முடியாத ஒரே பிள்ளை, பேரே தங்கம் என்றிருந்த என் பிள்ளைதான். அம்மா "அவரு பேருக்காரி" என்பாள். சரசு "பாப்பா" என்பாள். நான் விசிலடிப்பேன். எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது டீச்சர் குனிந்து "உன் பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார். அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்து மெதுவாகச் சொன்னாள்: "சொல்லக்கூடாது மிஸ்."

இப்போது அவளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகம் வந்தால் பையனின் படிப்பையோ வேலையையோ அவள் கேட்பதில்லை. முதல் கேள்வி, "அவங்கப்பா பேரு இன்னா?" போன மாதம் ஒரு நல்ல இடம், சொந்த வீடு, ஒரே பையன். அப்பா பெயர் தங்கதுரை. ஜாதகத்தை மடித்து என் சட்டைப் பையில் திருப்பி வைத்துவிட்டாள்.

"எம்பேர நானே வாயத் தொறந்து சொல்லிக்கிறதுக்கு, ஒரு வூடாவது வேணும்பா."

உள்ளே கதவுக்குப் பின்னால் சரசு சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்த முறையும் நான் கதவிடம்தான் "சரி" என்றேன்.