தாழைக்குப்பம் திருந்திய வரலாறு

குடிமக்களின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்ட அரசாங்கங்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு குடிமகனின் வாய் வழியாகவும் உள்ளே இறங்கி, நுரையீரல் வரைக்கும் போய் நலம் விசாரித்துவிட்டு வந்த அரசாங்கம் நம்முடையது ஒன்றுதான். இந்தப் பெருமையைப் பாட ஒரு காவியமே வேண்டும். இப்போதைக்குத் தாழைக்குப்பம் டீக்கடை சைபுல்லாவின் கதை போதும்.

தாழைக்குப்பம், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், தொழிற்பேட்டை மதில்சுவரை ஒட்டிய ஊர். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆலை. அதன் பெயரைச் சொல்வது தொழில் வளர்ச்சிக்குக் குந்தகம் என்பதால் சொல்லவில்லை. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. வெளியே என்ன விடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அழுகின முட்டை வாடை வந்தால் காலை ஷிப்ட். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும். நெயில் பாலிஷ் வாடை வந்தால் மத்தியானம், உலை வைக்கலாம். பலாப்பழத்தில் டீசலை ஊற்றின மாதிரி ஒன்று வந்தால் சாயங்காலம். சைபுல்லா கடையில் வடை தயார். இந்த ஊரில் கடிகாரம் கட்டுகிறவர்கள் அழகுக்காகத்தான் கட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ‘தீயபழக்கமில்லாத் திருவூர்’ திட்டம் வந்தது. முதலில் சீட்டாட்டம் ஒழிந்தது. பிறகு வெற்றிலை எச்சில் ஒழிந்தது. கரும்பு விளைகிற மாவட்டத்திலேயே, டீக்கு இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை கேட்டவன் எச்சரிக்கைப் பலகையைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று ஆயிற்று. கடைசியில் மிஞ்சியது பீடி. அதை ஒழிக்கச் சிறப்பு அலுவலர் மணவாளன் சிதம்பரத்திலிருந்து தினமும் ஜீப்பில் வந்தார்.

மணவாளன் சாதாரண மனிதர் அல்ல. பீடி, வெற்றிலை, டீ, காபி எதையும் தொட்டதில்லை. கல்யாண விருந்தில் பீடாவைக்கூடத் திருப்பிக் கொடுத்தவர். அவர் கையில் ‘மூச்சுமானி’ என்கிற சிறிய பெட்டி இருந்தது. அதிலுள்ள குழாயை வாயில் வைத்து, மூச்சை அடக்கி, ஊத வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் நல்லவர். மஞ்சள் எரிந்தால் சபலக்காரர். சிவப்பு எரிந்தால் புகைப்பவர். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாலும் புகைப்பவர்தான். கடைக்காரருக்குச் சிவப்பு எரிந்தால் கடைக்குச் சீல். ஆளுக்குச் சிதம்பரம் ‘மனமாற்று மைய’த்தில் சிகிச்சை. ஊர்க்காரர்கள் அந்தப் பெட்டிக்குப் பீப்பி என்று பெயர் வைத்தார்கள்.

சைபுல்லாவுக்குப் பயமே இல்லை. அவன் பீடியை விட்டு மாதக்கணக்காகிறது. எட்டாவது படிக்கிற அவன் மகள் அல்மாஸ், பள்ளிக்கூடத்தில் ‘என் வீட்டில் புகை இல்லை’ என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு வந்து, அவன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “இனிமே தொட மாட்டேன்னு சொல்லுங்க வாப்பா.” சொன்னான். கட்டுப் பீடியை அவளே கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டாள். அன்றிலிருந்து சைபுல்லா வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு டீ ஆற்றினான். ராத்திரி தூக்கத்தில் இரண்டு விரல் மட்டும் எதையோ பிடித்தபடி இருக்கும், வாய் பிடித்ததில்லை.

அதனால் சோதனை நாளில் முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றான். பக்கத்தில் அல்மாஸ், யூனிஃபார்மோடு, வாப்பா பச்சை வாங்குவதைப் பார்க்க.

ஊதினான். சிவப்பு எரிந்தது.

“மெஷின்ல ஏதோ கோளாறு சார்.”

“மெஷின் வெளிநாடு. கோளாறு உள்நாடு,” என்றார் மணவாளன்.

அல்மாஸ் விளக்கைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். தன் தலையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“நான் ஊதிப் பாக்கட்டுமா சார்?” என்று கேட்டாள்.

மணவாளன் பதறிப்போனார். “கூடவே கூடாதும்மா! பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க இத வாய்ல வைக்கவே கூடாதுன்னு விதி. பதினெட்டு வரைக்கும் உன் நுரையீரல் அரசாங்கத்தோட பொறுப்பு.” இவ்வளவு அக்கறையை எந்த நாட்டில் பார்க்க முடியும்? கடைக்குச் சீல் வைத்தார்கள்.

சிதம்பரத்து மனமாற்று மையம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் ‘மணமக்களை வாழ்த்துகிறோம்’ பேனரைக் கழற்ற ஆளில்லாததால், திருந்த வந்தவர்கள் எல்லோரும் அதன் கீழேதான் உள்ளே போனார்கள். காலையில் இட்லியும் கொத்சும். பிறகு மூச்சுப் பயிற்சி. மத்தியானம் திரையில் கெட்டுப்போன நுரையீரல்களின் படங்கள்.

ஆலோசகர் ஜெயராணி கனிவே உருவானவர். “சொல்லுங்க பாய். எந்தக் கவலைய மறக்கப் பீடி பிடிக்கறீங்க?”

“பிடிக்கலையே மேடம்.”

“மறுப்புதான் மொதல் கட்டம்,” என்று ஜெயராணி புன்னகையோடு எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஊதச் சொன்னார்கள். பச்சை எரிந்தது. ஜெயராணிக்குக் கண் கலங்கிவிட்டது. “எந்த நிமிஷத்துல மனசு மாறுச்சு? யோசிச்சு சொல்லுங்க, மத்தவங்களுக்கு உதவும்.”

சைபுல்லா நேர்மையாக யோசித்தான். “ரெண்டாவது தடவ கொத்சு ஊத்தனப்பன்னு நெனைக்கறேன் மேடம்.” அதையும் எழுதிக்கொண்டார்.

‘திருந்தியவர்’ என்ற சான்றிதழோடும், கடைச் சீலைப் பிரிக்கும் உத்தரவோடும் பஸ் ஏறினான். புதுச்சத்திரம் தாண்டியதும் பலாப்பழமும் டீசலும் எதிர்கொண்டு வந்து வரவேற்றன. வடை போடுகிற நேரம் ஆகிவிட்டதே என்று கை பரபரத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அல்மாஸ் ஓடிவந்து சான்றிதழை வாங்கிப் பார்த்தாள்.

“இப்ப நெசமாவே விட்டுட்டீங்களா வாப்பா?”

“அப்பவே விட்டுட்டேனே கண்ணு.”

“மறுபடியும் பொய் சொல்லாதீங்க.”

சைபுல்லாவுக்குக் கடைக்குச் சீல் வைத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. பெற்ற மகளிடம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதா, செய்த சத்தியத்தைக் கட்டிக்காப்பதா என்று தெரியாமல் நின்றான். அவன் மனைவி மெகருன்னிசா சோற்றைப் போட்டுவிட்டு, “தின்னுங்க, அப்பறமா முழிக்கலாம்,” என்றாள்.

இதற்குள் திட்டம் மளமளவென்று முன்னேறியது. தாழைக்குப்பத்தில் ஊதியவர் அத்தனை பேருக்கும் சிவப்பு. சிதம்பரம் போன அத்தனை பேருக்கும் பச்சை. ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் சிவப்பு. கோயில் பூசாரிக்குச் சிவப்பு. பள்ளிவாசல் மோதினாருக்குச் சிவப்பு. ‘சிதம்பரத்தில் நூறு சதவீத வெற்றி, தாழைக்குப்பத்தில் நூறு சதவீத நன்றிகெட்டதனம்’ என்று மணவாளன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மையத்துக்கு விருது அறிவிக்கப்பட்டது.

சாமிக்கண்ணு என்று ஒருவன், சைபுல்லாவின் பழைய சிநேகிதன், பிறந்ததிலிருந்து பீடியை மூக்கருகே கொண்டுபோகாதவன். அவனும் சிவப்பு வாங்கிவிட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னான்: “மச்சான், அடுத்த பேட்ச்ல எனக்கு சீட்டு போட்டுட்டாங்க. கொத்சு நல்லாருக்காமே?”

“இன்னாடா, பிடிக்காத பீடிக்கு ஜெயிலுக்குப் போற மாதிரி போற. கோவம் வரலியா?”

“மூணு நாள் நல்லாத் தூங்கலாம்ல. இங்க தூங்கனா நெஞ்சு கரகரங்குது.”

பீடியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மணவாளன் ஊருக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கினார். ஆலை மதிலோரத்து மாடி அறை. காற்று நன்றாக வரும். கூரைகளைப் பிரித்தார், அரிசிப் பானைகளில் கைவிட்டார். ஒரு துண்டுப் பீடிகூடக் கிடைக்கவில்லை. சைபுல்லா கடையில் மட்டும் கிராம்பு டப்பா சிக்கியது. அதை ‘மாற்றுப் போதை’ என்று பறிமுதல் செய்தார்.

அடுத்த சோதனை கடை வாசலில் நடந்தது. சைபுல்லா ஊதினான். சிவப்பு.

“பாய், மூணு நாள்ல திருந்தனீங்க, ஒரு வாரத்துல கெட்டுப்போயிட்டீங்க. இந்தத் தடவ லைசென்ஸே ரத்து,” என்றார் மணவாளன். அல்மாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெகருன்னிசா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். “சார், ராப்பகலா அந்த மனுசன்கூடதான் இருக்கேன். அவரு பிடிச்சா எனக்குத் தெரியாதா? பிடிக்காதவ மூச்சு எப்படி இருக்கும்னு நான் காட்டறேன். குடுங்க அந்த பீப்பிய.”

ஊதினாள். சிவப்பு பளிச்சென்று எரிந்தது.

சைபுல்லா மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். “எப்பலேருந்துடி?”

“கட்டையில போறவனே, வாய மூடுங்க,” என்றாள் மெகருன்னிசா. கோபத்திலும் மரியாதை பாதி மிஞ்சியிருந்தது.

கூட்டம் சிரித்தது. அல்மாஸ் சிரிக்கவில்லை. உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் எதிர்பார்க்காதபோது மணவாளன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, கன்னம் உப்ப ஊதிவிட்டாள்.

சிவப்பு.

“ஐயையோ!” என்று மணவாளன் பெட்டியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “பதினெட்டு வயசு ஆகாதவ ஊதனது செல்லாது. சட்டப்படி இது நடக்கவே இல்ல!”

அல்மாஸ் மெல்ல நடந்து வந்து வாப்பாவின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “நீங்க பொய் சொல்லல வாப்பா,” என்றாள். அவ்வளவுதான். சைபுல்லாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பீடி விட்ட முதல் வாரத்தில்கூட அவன் இப்படி அழுததில்லை.

அழுது முடித்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது. மதிலுக்கு மேலே கை காட்டினான். “சார், ஊரே பீடி இல்லாம கெடக்கு. அவன் ஒருத்தன்தான் ராப்பகலா பிடிக்கறான். அவன்கிட்ட ஊதச் சொல்லிப் பாத்தீங்களா?”

மணவாளன் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்ப்பது போலிருந்தது. “அது பழக்கம் இல்ல பாய். அது உற்பத்தி.”

“சரி, நீங்க டீகூடக் குடிக்காத ஆளு. எங்க ஊருல தங்கியிருக்கீங்க. ஒரு தடவ ஊதுங்க.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் மானம் போகும். மணவாளன் புதுக் குழாயை மாட்டி, கண்ணை மூடி, பத்தியமாகக் காத்து வந்த மூச்சை எல்லாம் திரட்டி ஊதினார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் கூட்டத்தில் விசில் சத்தம் கிளம்பிவிட்டது.

“கவலப்படாதீங்க சார்,” என்று சாமிக்கண்ணு அவர் தோளைத் தட்டினான். “எங்க பேட்ச்ல ஒரு எடம் இருக்கு. போற வழியில பேசிக்கிட்டே போலாம்.”

அரசாங்கம் சும்மா இருக்குமா? கடலூரில், குளிரூட்டப்பட்ட ஓர் அரங்கில், சன்னல்களை இறுக்கிச் சாத்திக்கொண்டு, உயர்மட்டக் குழு கூடியது. ஆலையை மூடலாமா என்று கேட்ட இளநிலை அலுவலரை எல்லோரும் பரிவோடு பார்த்தார்கள்; அவர் புதிது. கடைசியில் சட்டம் படித்த ஒருவர் வழி கண்டுபிடித்தார். பொது இடத்தில் புகைப்பதுதானே குற்றம்? ‘புகைபிடிக்கும் பகுதி’ என்று அறிவித்த இடத்தில் புகைத்தால் குற்றமில்லையே? ஊரையே அப்படி அறிவித்துவிட்டால் ஒரே கையெழுத்தில் அத்தனை பேரும் நிரபராதிகள்! குழு எழுந்து நின்று கைதட்டியது. சைபுல்லாவின் லைசென்ஸ் திரும்பி வந்தது. கிராம்பு டப்பாகூட வந்தது.

பலகை திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. ஊர் எல்லையில், பள்ளிக்கூட வாசலுக்கு நேராகப் பந்தல், மேளம், எல்லோருக்கும் சைபுல்லா கடை டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. சிதம்பரத்தில் திருந்தி வந்த மணவாளன் ஊர் எல்லைப் பலகையின் திரையை விலக்கினார். “இனிமே உங்கள யாரும் எதுவும் கேக்க முடியாது!” என்றார். அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. ஊர் கைதட்டியது, கொஞ்சம் இருமியது, மறுபடி கைதட்டியது.

எழுத்து பெரிதாக இருந்ததால் அல்மாஸ் மைக் இல்லாமலே எல்லோருக்கும் படித்துக் காட்டினாள்.

“புகைபிடிக்கும் பகுதி. இங்கே புகைப்பது குற்றமல்ல. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இப்பகுதிக்குள் இருக்கக் கூடாது.”

மேளம் நின்றது. அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும், மிட்டாய் வாயோடு, வரிசையாக நின்றிருந்தார்கள்.

“அப்ப நாங்க எங்க சார் இருக்கணும்?”

மணவாளன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இருக்கக் கூடாத இடங்கள்தான் இருந்தன.

“பரவால்ல சார்,” என்றாள் அல்மாஸ். “பதினெட்டு வரைக்கும் என் நுரையீரல் அரசாங்கத்தோட பொறுப்புன்னு சொன்னீங்கல்ல? அத மட்டும் சிதம்பரத்துக்கு எடுத்துக்கிட்டுப் போயி வச்சுக்குங்க. நான் இங்க வாப்பாகூட இருந்துக்கறேன்.”