வெர்ன் வெளிய, வெற்றி உள்ள

இந்த ஒரு ஞாயித்துக்கிழமையாவது வீட்டுக்கு நான்தான் ராஜான்னு வெர்னான் ஸாஸ்ட்ரோ ஒரு தீர்மானம் போட்டான். போட்டது பாத்ரூம் கண்ணாடி முன்னால. அவன் தைரியமாப் பேசுற ஒரே ஆளு அந்தக் கண்ணாடிதான். அது திருப்பிப் பேசாது பாருங்க.

காரணம் இருந்துச்சு. அவங்க டீம் மரங்கொத்திப் பசங்க இருபத்தொம்போது வருஷம் கழிச்சு சூப்பர் பவுலுக்கு வந்திருக்காங்க. அமெரிக்கன் ஃபுட்பால் சீசனோட கடைசி ஆட்டம். கல்யாணம், கருமாதி எதுவா இருந்தாலும் அமெரிக்காக்காரன் அன்னிக்கு வெக்க மாட்டான். போன தடவை டீம் இவ்வளவு தூரம் வந்தப்ப வெர்னுக்கு வயசு பத்தொம்போது, தலை நிறைய முடி. டீம் தோத்துச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து முடியும் கொட்ட ஆரம்பிச்சுது. பசங்க கோப்பையத் தூக்குறத ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டா, அப்புறம் சீஸ் பேக்டரிலயே கிடந்து புளிச்சுப் போனாலும் பரவாயில்லன்னு விஸ்கான்சின்ல ஷபாய்கன் ஊரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

பேஸ்மென்ட்ல அவனுக்குன்னு ஒரு ராஜாங்கம். சுவரு அகலத்துக்கு டிவி. அதுக்கு எதிர்ல பழுப்புத் தோல் போட்ட சாய்வு நாற்காலி. அதுல உக்கார்றப்ப மட்டும் போட்டுக்க ஒரு ஜெர்சி, செப்டம்பர்லேர்ந்து துவைக்காதது. துவைச்சா ராசி கழுவிக்கிட்டுப் போயிடுமாம். பிப்ரவரி வந்தப்ப அந்த ஜெர்சியக் கழட்டித் தரையில வெச்சா தானா நிக்கும். வீட்டு நாய் அதுக்கு வழி விட்டு ஒதுங்கிப் போகும்.

ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு ராசி பேப்பர் வேற ஒட்டி வெச்சிருந்தான். ஆட்டம் நடக்கிறப்ப யாரு எங்க இருந்தா, என்ன ஆச்சுன்னு எல்லாம் அதுல இருக்கும். முதல் வரி எட்டு வருஷப் பழசு. "டார்லீன் சாஸேஜ் தட்டோட கீழ வந்தா. உதைச்ச பந்து கம்பத்துல பட்டு வெளிய போச்சு."

டார்லீன் அவன் பொண்டாட்டி. அன்னிக்கே அவ கேட்டா. "வெர்ன், உதைச்சவன் மிச்சிகன்ல நிக்கிறான். நான் நம்ம வீட்டுப் படியில நிக்கிறேன். என் சாஸேஜு அவன் காலுல போயி இடறுச்சா?"

"ஒரு தடவை நடந்தாப் போதும் டார்லீன். எழுத்துல இருக்கு."

அவ்வளவுதான். அன்னிலேர்ந்து ஆட்டம் நடக்கிறப்ப டார்லீன் பேஸ்மென்ட் படியில கால் வெக்கக் கூடாது. எட்டு வருஷமா சமையல்கட்டுல ரேடியோவ வெச்சுக் கேட்டா. இத்தனைக்கும் அவங்க அப்பாவுக்கு ஸ்டேடியத்துல நிரந்தர சீட்டு. அஞ்சு வயசுலேர்ந்து பனியில போர்வையச் சுத்திக்கிட்டு அந்த பெஞ்சுலயே வளந்தவ. ஆளுங்க வரிசையா நிக்கிறதப் பாத்தே பந்து எந்தப் பக்கம் போகும்னு சொல்லிடுவா. வெர்ன் அப்படி இல்ல. மூணாவது கால் பாகத்துல தூங்கிடுவான். எந்திரிச்சு "என்ன ஆச்சு?"ன்னு கேப்பான். கேக்குறது சுவத்துகிட்ட. பக்கத்துல வேற யாரு இருக்கா?

இந்த வருஷமும் சட்டம் அதேதான்னு வெர்ன் அறிவிச்சான். டார்லீனோட தங்கச்சி மார்லிஸும் அவ புருஷன் ரோலண்டும் வரலாம். பொம்பளைங்க மேல ஹால்ல சின்ன டிவியில பாத்துக்கணும். ரோலண்டு மட்டும் கீழ வரலாம், ஏன்னா அவன் ஒரு ராசிக்காரன். சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து தாடி எடுக்கல. அந்தத் தாடிய உதறுனா ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும்.

டார்லீன் சண்டை போடல. சரின்னு தலைய ஆட்டிட்டு மூணே மூணு வேலை சொன்னா. வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் கார் வர்ற பாதையில முழங்கால் பனி, அத வழிக்கணும். சமையல்கட்டு அலமாரிக் கதவு மான் வேட்டை சீசன்லேர்ந்து ஒத்தக் கீலுல தொங்குது, அத மாட்டணும். ரேடியோவுக்கு பேட்டரி வாங்கணும். மூணுக்கும் வெர்ன் ஒரே பதில்தான் சொன்னான். ஆட்டம் முடியட்டும்.

அவ சண்டை போடலைங்கிறத நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. வெர்ன் வெக்கல.

சாயங்காலம் ஆட்டம் ஆரம்பிச்சுது. வெர்ன் நாற்காலியில சாஞ்சான், ஜெர்சி அவனுக்கு முன்னாடியே சாஞ்சுது. முதல் கால் பாகம் முடியறப்ப எதிர் டீம் தெக்கத்திக் காட்டுப்பன்னிங்க பதினாலு, நம்ம மரங்கொத்திங்க முட்டை. ரோலண்டு தாடிய மெல்ல ஆரம்பிச்சான். வெர்ன் துக்கத்துல மூணு பீரக் குடிச்சான். மூணும் சேந்து வேலையக் காட்ட, படியேறி பாத்ரூமுக்கு ஓடுனான்.

உக்காந்து ரெண்டு நிமிஷம் ஆகல. மேலயும் கீழயும் வீடே அதிர்ற மாதிரி ஒரு கத்தல். மரங்கொத்தி ஒருத்தன் பந்தத் தூக்கிக்கிட்டு அறுபது கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டி ஏழு பாயிண்ட் வாங்கிட்டான். டச்டவுன். வெர்ன் பேண்ட்டப் பிடிச்சுக்கிட்டுக் கீழ ஓடி வந்து நாற்காலியில விழுந்தான். விழுந்த அடுத்த நொடி மரங்கொத்திங்க உதைச்சு விட்ட பந்து நேரா எதிராளி கையில போயி விழுந்துச்சு. காட்டுப்பன்னிங்க அத எடுத்துக்கிட்டு ஓடிப் போயிக் கோட்டைத் தாண்டிட்டாங்க. இருபத்தொண்ணு, ஏழு.

படி மேலேர்ந்து டார்லீன் நிதானமா எட்டிப் பாத்தா. கையில ஃப்ரிட்ஜ் பேப்பர், காதுல பென்சில்.

"வெர்ன், இத எழுதவா வேண்டாமா?"

"எதை?"

"நீ பாத்ரூம்ல இருந்தப்ப நமக்கு டச்டவுன். நீ வந்து உக்காந்ததும் பந்து போச்சு."

"அது தற்செயல்."

"அப்படி ஒண்ணு இருக்கா? எட்டு வருஷமா இந்த வீட்டுல அது இல்லையே."

ரோலண்டு தாடிய வாய்லேர்ந்து எடுத்துட்டு அவன மெதுவாத் திரும்பிப் பாத்தான். வீட்டுக்குள்ள வந்த பாம்பப் பாக்குற பார்வை.

"சகலை, கோவிச்சுக்காத. ஒரே ஒரு தடவை மேல போ. சோதிச்சுப் பாத்துருவோம்."

"ரோலண்டு, நான் இருபத்தொம்போது வருஷமா..."

"டீமு முக்கியமா, நீ முக்கியமா?"

இந்தக் கேள்விக்கு விஸ்கான்சின்ல ஒரே பதில்தான். வெர்ன் மேல போனான். ஹால்ல இருந்த சின்ன டிவிப் பக்கம் கழுத்த நீட்டுனான். மார்லிஸ் ஒரு மெத்தையத் தூக்கி டிவிய மறைச்சா. பாக்குறது எங்கேர்ந்து பாத்தாலும் பாக்குறதுதான்னுட்டா. போனையாவது எடுக்கலாம்னு பாத்தா அது ரோலண்டு சட்டைப்பையில இருந்துச்சு. ரேடியோவத் திருகுனான். கிணத்துல விழுந்த கல்லு மாதிரி கம்முனு கிடந்துச்சு.

"பேட்டரிய ஆட்டம் முடிஞ்சப்புறம்தானே வாங்குறதாச் சொன்ன"ன்னா டார்லீன். "சும்மா நிக்கிறதுக்கு அந்த அலமாரிக் கதவையாவது மாட்டு."

ஸ்க்ரூடிரைவரால ரெண்டாவது கீல முடுக்குனான். முடுக்கி முடிக்கல, கீழ ரோலண்டு கத்துனான். மேல மார்லிஸ் கத்துனா. இன்னொரு டச்டவுன். இருபத்தொண்ணு, பதினாலு.

இடைவேளையில தீர்ப்பு வந்துச்சு. ரெண்டாவது பாதி முழுக்க வெர்ன் வீட்டுக்குள்ளயே இருக்கக் கூடாது. நாற்காலி காலியா இருந்தா ராசி கசிஞ்சு போயிடும்னு ரோலண்டு கவலைப்பட்டான். அப்ப நான் உக்காந்துக்கறேன்னா டார்லீன்.

வெர்ன் பாஞ்சான். "நீயா? பேப்பர்ல முதல் வரி என்னன்னு படி."

"படிச்சேன். அன்னிக்கும் நாற்காலியில இருந்தது நீதானே வெர்ன். அந்த உதைக்குக் காரணம் என் சாஸேஜுன்னு எட்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தோம். இப்பத்தானே வெளிச்சத்துக்கு வருது."

ரோலண்டு பேப்பர வாங்கி வரிவரியாப் படிச்சான். டீம் தோத்த ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பேர் வேறவேற, ஆனா எல்லா வரியிலயும் வெர்ன் நாற்காலியில இருந்தான். ரோலண்டு கண்ணு கலங்கிடுச்சு. "இத்தனை வருஷமா நீதானா சகலை?"ன்னு கேட்டான். வெர்ன் மறுக்கல. ஏன்னா, கேளுங்க, அவனே நம்பிட்டான். அவன் எழுதுன பேப்பர அவன் நம்பலைன்னா வேற யாரு நம்புவா?

டார்லீன் ஒரு சாஸேஜையும் பனி அள்ளுற ஷவலையும் அவன் கையில குடுத்தா. குளிருக்கு அடக்கமா கோட்டு பட்டனையும் போட்டு விட்டா. பனி வழிக்கிற வேலைய அவ சொல்லக்கூட இல்ல. பாதை அவன் எதிர்லயே படுத்திருந்துச்சு.

வெளிய எலும்பு வரைக்கும் இறங்குற குளிரு. வெர்ன் நாலு ஷவல் பனிய அள்ளிப் போட்டான். உள்ள ஒரு கத்தல். ஆகா, சமமாயிட்டாங்கன்னு குதிச்சான். குதிச்சு முடிச்சு, கொஞ்சம் மூச்சு வாங்க நின்னான். உள்ள மயான அமைதி. ஒருவேளை நான் நின்னதாலயான்னு நெனச்சு மறுபடி அள்ளுனான். கத்தல். நின்னான். அமைதி. அள்ளுனான். கத்தல்.

அவனுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. வெளிய இருந்தா மட்டும் போதாது, ஷவல் அசையணும்.

அப்புறம் அவன நிறுத்த ஆளில்ல. பாதை முடிஞ்சுது, நடைபாதைய வழிச்சான். நடைபாதை முடிஞ்சுது, குப்பைத்தொட்டியச் சுத்தி வழிச்சான். நாய் போற இடத்துக்குத் தனியா ஒரு ரோடு போட்டுக் குடுத்தான். கை மரத்துப் போச்சு, மூக்கு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்துக்கிட்டான். கத்தல எண்ணிக்கிட்டே வந்தான். பதினாலு. ஒரு கத்தலுக்கு ஏழுன்னாலும், முன்ன எடுத்த பதினாலையும் சேத்தா நூத்துப் பன்னெண்டு. சூப்பர் பவுல்ல எவனும் கனவுலகூட பாக்காத கணக்கு. அத்தனையும் இந்தக் கையால. குளிருல கண்ணீரு கன்னத்துலயே உறைஞ்சுது.

அந்தப் பதினாலாவது கத்தல் மட்டும் நிக்கவே இல்ல. கதவு திறந்து ரோலண்டு ஓடி வந்து அவனக் கட்டிப் பிடிச்சுத் தூக்குனான். ஜெயிச்சாச்சு. முப்பத்தொண்ணு, இருபத்தெட்டு. கடைசி நொடியில உதைச்ச உதை, கம்பத்துக்கு நடுவுல.

"முப்பத்தொண்ணா? நூத்துப் பன்னெண்டு இல்ல?"

குளிரு தலைக்கு ஏறிடுச்சு பாவம்னு மார்லிஸ் சூப்பு வெக்கப் போனா. பேஸ்மென்ட்ல டார்லீன் பழுப்பு நாற்காலியில கால நீட்டிச் சாஞ்சிருந்தா. மடியில சாஸேஜ் தட்டு. முகத்துல எட்டு வருஷ ரேடியோ மொத்தமாக் கரைஞ்சு போன மாதிரி ஒரு சிரிப்பு. கன்னம் ஈரமா இருந்துச்சு. டிவியில கோப்பையத் தூக்கி முடிச்சு, கார் விளம்பரம் ஓடிக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் வெர்ன் பேக்டரிக்கு லீவு போட்டுட்டு, பதிவு பண்ணி வெச்சிருந்த ஆட்டத்தப் போட்டுப் பாத்தான். ரெண்டாவது பாதியில டீம் பாயிண்ட் எடுத்தது மூணே மூணு தடவை. அப்ப மீதி பதினோரு கத்தல்? சாஞ்சபடி தலையத் திருப்புனான். சுவத்து உச்சியில, வெளித்தரையோட ஒட்டுன சின்ன ஜன்னல். அது வழியா கார் பாதை தெரிஞ்சுது. ஆளு நின்னா பூட்ஸ் மட்டும் தெரியும். நாற்காலியில உக்காந்தா இன்னும் நல்லாத் தெரியும்.

ஷவல் மாதிரி விறைச்சுப் போன முதுகோட நடந்து சமையல்கட்டுக்குப் போனான்.

"நான் நின்னுட்டு மறுபடி அள்ளுனப்பல்லாம் நீ சும்மா கத்தியிருக்க."

"சும்மா இல்ல. விளம்பரத்துல ஒரு நாய் டிராக்டர் ஓட்டுச்சு. நல்லா இருந்துச்சு, கத்துனோம்."

"பதினோரு தடவையா?"

"நீ பதினோரு தடவை நின்ன."

வெர்ன் அந்தப் பேப்பரப் பிடுங்குனான். எல்லாம் பொய்யி, அடுத்த சீசன் நாற்காலியில நான்தான்னு கத்துனான். டார்லீன் மாட்டி முடிச்ச அலமாரிக் கதவ ஒரு தடவை திறந்து மூடிப் பாத்துக்கிட்டா. நல்லா மூடுச்சு.

"தாராளமா உக்காரு. பாக்கி மூணு கத்தலும் நெசம்தான், அப்ப நீ வெளியதான் இருந்த. ஒரு தடவை நடந்தாப் போதும்னு சொன்னது யாருன்னு மட்டும் யோசிச்சுக்கோ."

வெர்ன் யோசிச்சான். மார்ச் மாசம் யோசிச்சான், ஏப்ரல் மாசம் யோசிச்சான். ஜூலையில மீன் பிடிக்கப் போன இடத்துலயும் யோசிச்சான்.

செப்டம்பர் முதல் ஞாயிறு. புது சீசன், முதல் ஆட்டம். வெயில் பளீர்னு அடிச்சுது, புல்லு பச்சைப்பசேல்னு கிடந்துச்சு. பந்து உதைக்க அஞ்சு நிமிஷம் இருக்கப்ப, யாரும் கூப்பிடாம, யாரும் சொல்லாம, வெர்ன் ஷவல எடுத்துக்கிட்டு வெளிய போயி நின்னான்.